லாம்ப்ரெட்டாவும் வீட்டுப் பட்டறையும்: ஒரு பராமரிப்பு வரலாற்றுக் குறிப்பு

சென்ற வாரம் எங்கள் துறையில் நிகழ்ந்த ஆய்வரங்கில், பழைய இத்தாலிய இருசக்கர வாகனங்களை வீட்டில் வைத்துப் பேணுவதன் வரலாறு குறித்துப் பேசப் போவதாக அறிவித்தேன். முன்வரிசையிலிருந்து உடனே ஒரு வினா எழுந்தது: “டுகாட்டியா, மோட்டோ குட்ஸியா?” “விஜய் சூப்பர்” என்றேன். அரங்கம் சிரித்தது. சிரித்தவர்களுள் பாதிப் பேரின் தந்தையரேனும் அவ்வண்டியிலோ அதன் உறவினத்திலோ அலுவலகம் சென்றிருப்பர் என்பது என் ஊகம். அந்தச் சிரிப்புக்கு அரங்கில் சொல்ல நேரமில்லாமற்போன மறுமொழியை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தியச் சாலைகளில் ஓடிய இத்தாலிய வண்டி பந்தயக் களத்திலிருந்து வந்ததன்று. பியாஜியோவின் வெஸ்பா, இன்னொசென்ட்டியின் லாம்ப்ரெட்டா ஆகிய இரு ஸ்கூட்டர்களின் வழிவந்தவையே நடுத்தர வர்க்கத்தை நாற்பதாண்டுக் காலம் சுமந்தன. பஜாஜ் நிறுவனம் 1960 முதல் உரிமம் பெற்று வெஸ்பாவை உருவாக்கியது. ஒப்பந்தம் 1971இல் முடிந்தபின் அதே அமைப்பையொட்டிய சேத்தக் 1972இல் வந்தது. லூனா மொபெட்டுக்கும் பியாஜியோவின் மொபெட் ஒன்றே மூலம். லாம்ப்ரெட்டாவின் கதை இவற்றினும் சிக்கலானது. அது உரிமமாக மட்டும் வரவில்லை. பிற்காலத்தில் தொழிற்சாலையாகவே பெயர்ந்து வந்தது.

பெர்டினாண்டோ இன்னொசென்ட்டி அடிப்படையில் எஃகுக் குழாய் உற்பத்தியாளர். கட்டடச் சாரங்களுக்கான குழாய்களும் அவற்றைப் பிணைக்கும் கவ்விகளுமே அவருக்குப் பெயர் தேடித் தந்தவை. மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியிலிருந்த அவரது ஆலை போரில் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1947இல் அங்கிருந்து வெளிவந்த ஸ்கூட்டருக்கு அந்த இடத்தின் பெயரே அமைந்தது. குழாய் செய்தவரின் வண்டிக்கு முதுகெலும்பும் குழாய்தான்: தடித்த எஃகுக் குழாயாலான சட்டகம், அதன்மேல் போர்த்திய தகடுகள். ஓராண்டு முன்னரே வந்துவிட்ட வெஸ்பா வேறு மரபினது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். அங்கே அழுத்தி வடித்த தகடே சட்டகம், தகடே உடல்.

வடிவமைப்பு வரலாற்று நூல்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் அழகியல் வேறுபாடாகவே பேசுகின்றன. ஸ்பானரைக் கையில் எடுத்தவர்க்கு அது வேறு பொருள் தரும். லாம்ப்ரெட்டாவின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டால் நடுவில் கிடைநிலையில் படுத்திருக்கும் இயந்திரத்தை இருபுறமிருந்தும் அணுகலாம். முன் மறைப்பும் கால் வைக்கும் பலகைகளும் தனித்தனியே திருகப்பட்டவை. அவற்றில் துருவேறினால் உரிய துண்டைக் கழற்றி டிங்கர் பட்டறைக்கு அனுப்பலாம். வண்டி வீட்டிலேயே நிற்கும். வெஸ்பா மரபில் தரைத்தகட்டில் துரு என்றால் சட்டகத்திலேயே துரு என்று பொருள். இவ்வளவு சொல்வதால் லாம்ப்ரெட்டா எளிய வண்டி என்று கொள்ள வேண்டா. மூடிய உடலுக்குள் கிடக்கும் அந்த இயந்திரம் தன் சுழல்சக்கரத்து விசிறி தள்ளும் காற்றை நம்பியே குளிர வேண்டும். கோடைப் பகலில் நெடுந்தொலைவு ஓட்டினால் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். கைப்பிடியைத் திருகி மாற்றும் நான்கு கியருக்கு இரண்டு கேபிள்கள். கார்க் ஒட்டிய கிளட்ச் தகடுகளை மாற்ற வேண்டுமெனில், எண்ணெயை வடித்து, சங்கிலிப் பெட்டியின் மூடியைத் திறந்து, வலிய ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று உள்ள கருவி எந்த வீட்டிலும் இராது.

இந்தியாவில் லாம்ப்ரெட்டா இரு முறை பிறந்தது. முதற்பிறப்பு பம்பாயில். ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது பிரித்தானிய ரூட்ஸ் குழுமம். பின்னர் அதைச் சென்னையின் எம். ஏ. சிதம்பரம் வாங்கினார். அண்ணாமலைச் செட்டியாரின் மகன் இவர். சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கம் இன்று தாங்கி நிற்பது இவர் பெயரையே. அந்நிறுவனம் முதலில் இத்தாலியப் பாகங்களைப் பூட்டி விற்றது. பிறகு லி 150 வரிசையின் இரண்டாம் வடிவத்தை உரிமத்தின்பேரில் உருவாக்கியது. பிற்காலத்தில் பெயருரிமைச் சிக்கலால் ‘லாம்பி’ என்று பெயர் குறுகிற்று.

இரண்டாம் பிறப்பு லக்னோவில். இத்தாலியர் ஸ்கூட்டரை விட்டுச் சிறு கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். இன்னொசென்ட்டியே 1965 முதல் மினி காரை உரிமம் பெற்று உருவாக்கி வந்தது. லாம்ப்ரெட்டா உற்பத்தி 1971இல் நின்றது. 1972இல் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் இன்னொசென்ட்டியிடமிருந்து இயந்திரங்கள், வரைபடங்கள், வணிகப் பெயர் அனைத்தையும் வாங்கியது. 1975இல் உற்பத்தி தொடங்கியது: உள்நாட்டுக்கு விஜய் சூப்பர், ஏற்றுமதிக்கு லாம்ப்ரெட்டா. இன்னொசென்ட்டிக்காக பெர்த்தோனே வடிவமைப்பகம் வரைந்து 1969இல் வெளிவந்த கடைசி லாம்ப்ரெட்டாவின் உடலே விஜய் சூப்பரின் உடல். ஆகவே விஜய் சூப்பரை நகல் என்று சொல்வோர் எதன் நகல் என்று சொல்ல வேண்டும். அச்சுகள் அவையே, வரைபடங்கள் அவையே, ஆலையின் முகவரி மட்டுமே மாறியிருந்தது.

இந்த இரு பிறப்பினால் விளைந்த குழப்பம் உதிரிபாகக் கடைகளில் நெடுங்காலம் நீடித்தது. உள்ளே இருக்கும் இயந்திரங்கள் உறவினர். வெளியே பக்கத் தகடும் கைப்பிடி மூடியும் விளக்கும் வெவ்வேறு. லாம்ப்ரெட்டாவுக்கு வேண்டும் என்று கேட்டால், “பம்பாயா, லக்னோவா?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கரோல் பாக்கின் மூத்த கடைக்காரர் ஒருவரிடம் இவ்வினாவை நானே சென்ற ஆண்டு கேட்டேன். மிலான் என்று விடை சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.

இனிப் பராமரிப்புக்கு வருவோம். டேவிட் எட்ஜெர்டன் ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ (2006) என்னும் நூலில், தொழில்நுட்ப வரலாறு புத்தாக்கத்தையே துரத்துகிறது, பயன்பாட்டையும் பராமரிப்பையும் புறக்கணிக்கிறது என்று வாதிட்டார். நம் ஸ்கூட்டர் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரிமக் கொள்கை, 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம், உற்பத்தி விரிவாக்கத்துக்கு மறுக்கப்பட்ட அனுமதி, பத்தாண்டு வரை நீண்ட காத்திருப்புப் பட்டியல் ஆகியவை குறித்து எழுதப்பட்டது ஏராளம். வண்டி கைக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பது குறித்து ஏறத்தாழ ஒன்றுமில்லை. காத்திருப்பின் நீளமே பராமரிப்பின் நீளத்தைத் தீர்மானித்தது என்பது என் வாதம். மற்றொரு வண்டி எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில், இருக்கும் வண்டியைத் தூக்கி எறிவது நினைத்துப் பார்க்கக் கூடியதாக இல்லை. வீட்டுப் பராமரிப்பு அன்று பொழுதுபோக்கன்று. பற்றாக்குறைப் பொருளாதாரத்தின் ஊதியமில்லாத உற்பத்திப் பிரிவு.

என் முதன்மைச் சான்று ஒரு நாற்பது பக்க நோட்டு. 1983இல் லக்னோவில் பதிவான எங்கள் விஜய் சூப்பருக்கு அப்பா எழுதிவந்த கணக்கு அது. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கோப்பு எழுதும் கை. ஒவ்வொரு பதிவிலும் நாள், ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, செலவு. 1991இல் தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது வண்டியும் நோட்டும் உடன் வந்தன.

நோட்டை வரிசையாகப் படித்தால் ஒரு தாளகதி புலப்படுகிறது. மிகுதியான பதிவுகள் கேபிள்: கிளட்ச் கேபிள், கியர் கேபிள், மீண்டும் கிளட்ச் கேபிள். அடுத்தது பிளக் துடைத்தல்; பெட்ரோலோடு கலந்த எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகப் படிவதால் டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு இது தினப்படி நோய். ஆண்டுக்கொரு முறை சைலன்சரைக் கழற்றி, உள்ளே அடைந்த கரியை நெருப்பிலிட்டு எரித்துத் தட்டுதல். நீண்ட இடைவெளிகளில் பெரிய பதிவுகள் வருகின்றன: கிளட்ச் தகடு, சங்கிலி, பேரிங். இரு இடங்களில் ‘போரிங்’ என்ற சொல் அடிக்கோடிட்டு உள்ளது. அதாவது சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து ஒரு படி பெரிய பிஸ்டன் போட்டது. இவ்விரண்டும் வீட்டில் செய்ய இயலாதவை. ஆனால் சிலிண்டரைக் கழற்றியதும் திரும்பப் பூட்டியதும் வீட்டில்தான். பட்டறைக்குப் போனது வண்டியன்று, சணல் பையில் சிலிண்டர் மட்டும். லக்னோ நகரப் பேருந்தில் அப்பாவின் மடியில் அது சென்றது என்பதை நோட்டு சொல்லவில்லை, அவர் சொன்னார்.

கருவிகளின் கதை தனியே எழுதத் தக்கது. பற்றவைப்பின் ‘பாயின்ட்’ சுழல்சக்கரத்துக்குப் பின்னே ஒளிந்திருக்கிறது. அச்சக்கரத்தை இழுத்தெடுக்கத் திருகாணியுள்ள ‘மேக்னட் புல்லர்’ வேண்டும். எங்கள் குடியிருப்பில் லாம்ப்ரெட்டா வகை வண்டிகள் ஏழெட்டு இருந்தன. புல்லர் ஒன்றே ஒன்று. அதன் உரிமையாளரான சர்தார்ஜி வீட்டுக் கதவை ஞாயிறு காலை யார் முதலில் தட்டுகிறார் என்பதில் மெல்லிய போட்டி. பாயின்ட்டின் இடைவெளியை அளக்கும் கேஜ் எவரிடமும் இல்லை. அப்பா திருமண அழைப்பிதழின் அட்டை மூலையை நறுக்கி வைத்திருந்தார். மில்லிமீட்டரில் பாதிக்கும் சற்றுக் குறைவான தடிமன் வேண்டும். எல்லா அழைப்பிதழும் பொருந்தாது. பொருந்திய ஒன்று நோட்டின் பின்னட்டைக்குள் இன்றும் இருக்கிறது, மஞ்சள் தடவிய மூலையோடு. கையேட்டின் அளவு மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் இடையில் இவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டது. இதை ‘ஜுகாட்’ என்று கொண்டாடும் மேலாண்மைக் கட்டுரைகள்மீது எனக்கு மதிப்பு இல்லை. கருவி கிடைக்காததால் செய்ததைத் தேசிய மேதைமையாக மாற்றுவது, கிடைக்காமைக்கான காரணத்தை மறைக்கும் வேலை.

நோட்டில் இல்லாத ஒருவர் அம்மா. டார்ச் பிடித்தவர் அவர். கழற்றிய நட்டுகளை வரிசை பிறழாமல் தாம்பாளத்தில் அடுக்கியவர் அவர். மண்ணெண்ணெய் நாற்றம் போகும்வரை வாசலைக் கழுவியவரும் அவரே. கார்புரேட்டர் ஜெட்டின் அடைப்பை நீக்கத் தூரிகை நாரைக் கொண்டுவந்தது அவர்தாம் என்பதை அப்பாவே ஒப்புக்கொள்கிறார். “ஏங்க, இந்த வாஷரைப் போன தடவை உள்பக்கம் போட்டீங்க” என்று அவர் சொல்லித் திருத்திய பழுது ஒன்றும் எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுப் பட்டறையின் வரலாற்றை ஆண்களின் கையெழுத்தைக் கொண்டு மட்டும் எழுதினால் பாதி உழைப்பு விட்டுப்போகும். இக்குறை என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் இருந்தது. நெறியாளர் சுட்டியபின்பே விழித்தேன்.

1980களின் நடுவில் நிலைமை மாறிற்று. கைனெட்டிக் ஹோண்டா 1984இல் கியரும் உதையும் இல்லாமல், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டராக வந்தது. அடுத்த ஆண்டே ஹீரோ ஹோண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். இவற்றை வாசலில் பிரிக்கும் பழக்கம் வேரூன்றவில்லை. பிரிக்க வேண்டிய தேவை குறைவு. பிரிக்கத் துணிவும் குறைவு. 1991இலும் அதன்பின் 1996, 2000 ஆண்டுகளிலும் இறுகிய புகை விதிகள் டூ ஸ்ட்ரோக்கை ஓரங்கட்டின. தில்லியில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 1998 இறுதியோடு சில்லறை 2டி எண்ணெய் விற்பனை நின்று, பம்பிலேயே கலந்த பெட்ரோல் வந்தது. அதுவரை அளவுக் குப்பியைப் பார்த்து ‘இன்னும் ஒரு சொட்டு’ என்று சொல்லும் அதிகாரம் உரிமையாளரிடம் இருந்தது. அவ்வாணை சரியானதே, மிகையாக எண்ணெய் ஊற்றியோர் நாமே. லக்னோ ஆலை 1997இல் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு விக்ரம் என்னும் மூன்று சக்கர வண்டியோடு காலந்தள்ளியது. அதை மூட 2021 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதலளித்தது.

இதற்கிடையே வண்டிகள் மேற்கே திரும்பிப் பயணப்பட்டன. பிரிட்டனில் 1970களின் இறுதியில் மாட் இளைஞர் பண்பாடு மறுமலர்ச்சி கண்டது. 1979இல் வந்த ‘குவாட்ரோஃபீனியா’ திரைப்படம் அதற்கு எண்ணெய் வார்த்தது. இத்தாலியில் ஆலை இல்லாத அக்காலத்தில், அங்கே புதிய லாம்ப்ரெட்டா வேண்டியவருக்கு லக்னோ வண்டி கைகொடுத்தது. அதற்கும் பின்னர், இங்கே கழித்துக் கட்டப்பட்ட பழைய ஸ்கூட்டர்கள் பளபளக்கும் வண்ணம் பூசிக் கொள்கலன்களில் ஐரோப்பா சென்றன. அடியில் துருவை மறைத்து மேலே மெழுகிய வேலை அவற்றுள் பலவற்றில் இருந்ததால், ‘இந்தியாவில் புதுப்பித்தது’ என்பது அங்குள்ள ஆர்வலரிடையே ஏறத்தாழ வசைச்சொல்லாயிற்று. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும், விற்பதற்காக ஒரே வாரத்தில் பூசியதையும், ஓட்டுவதற்காக முப்பதாண்டு திருத்தியதையும் ஒரே சொல்லால் குறிப்பது வரலாற்றுப் பிழை. அதே ஆர்வலர்கள் இந்திய ஜெட்டெக்ஸ் கார்புரேட்டரைப் பற்றியும் இந்தியச் சிலிண்டரைப் பற்றியும் நுணுக்கமாக விவாதிப்பதும் உண்டு. அவர்கள் வண்டிகள் பலவற்றுள் லக்னோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, இது எனக்கு வெறும் ஆய்வுப்பொருள் அல்லாமற்போன இடம். பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் தடுத்தது. எங்கள் வண்டியின் கடைசிப் புதுப்பிப்பு முடிந்த 2018ஆம் ஆண்டில், அத்தடையை உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. செயலாக்கம் அவ்வப்போது இறுகியும் தளர்ந்தும் வருகிறது. அப்பாவின் நோட்டில் இறுதிப் பதிவு 2014 தீபாவளிக்கு முன்னாள் எழுதியது: பிளக் துடைத்தது, செலவு இல்லை. அதன்பின் பக்கங்கள் வெற்று.

மறுபுறம், 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப்பதிவு வந்தது. முதற்பதிவு கண்டு ஐம்பதாண்டு கடந்திருக்க வேண்டும்; பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; எண் தகட்டில் ‘விஏ’ எழுத்துகள்; அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை. லக்னோ ஆலையின் முதல் வண்டிகளே 2025இல்தான் அவ்வயதை எட்டுகின்றன. எங்களுடையதற்கு 2033. பதினைந்துக்கு மேல் கழிவு, ஐம்பதுக்கு மேல் பாரம்பரியம். இடைப்பட்ட முப்பத்தைந்தாண்டு ஒரு வண்டி என்னவாக இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் சொல் இல்லை.

வயதைவிட எனக்கு உறுத்துவது அவ்விதியின் மற்றொரு நிபந்தனை. வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகத்திலோ உடலிலோ இயந்திரத்திலோ மாற்றம் உள்ளிட்ட பெருமளவு புதுப்பிப்பு எதுவும் நடந்திருக்கக் கூடாது. அரண்மனைக் கொட்டகையில் உறையிட்டு நின்ற காருக்கு இது பொருந்தும். இரு முறை சிலிண்டர் கடையப்பெற்று, கரோல் பாக் தகடும் பம்பாய் கேபிளும் ஏற்று, நாள்தோறும் அலுவலகம் சென்று வந்த ஸ்கூட்டருக்கு மூல வடிவம் எது? கடைந்த சிலிண்டர் மாற்றமா, பேணலா என்பதை ஓர் அலுவலர் தம் மேசையிலிருந்து முடிவு செய்வார். திருத்தித் திருத்தியே உயிர் பிழைத்த பொருளுக்குத் திருத்தப்படாமையைத் தகுதியாக வைப்பதில், ஓட்டியவரைவிட வைத்திருந்தவருக்குச் சலுகை உண்டு.

இதற்கு எதிர்வாதம் வலியது. அதை மறைக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் புதுக் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளிவழியில் தப்பிச் செல்கிறது. எவ்வளவு நேர்த்தியாகப் பேணினாலும் அது அமைப்பிலேயே உள்ள குறை. தில்லிக் குளிர்காலத்தின் காற்றை நானும் சுவாசிக்கிறேன். எங்கள் வண்டி தினமும் சாலையில் ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் அப்பா அதை ஸ்டாண்டில் ஏற்றி, உதைத்துக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, தார்ப்பாயால் மூடுகிறார். மூன்றாம் உதையில் கிளம்பினால் அன்றைய காலை நல்ல காலை. நான் கேட்பதெல்லாம், 2033இல் அந்தக் கோப்பு ஒரு மேசைக்குப் போகும்போது, பழுதுகளின் பட்டியல் தகுதிக்கேடாக அன்றி அவ்வண்டியின் வரலாறாகவே வாசிக்கப்பட வேண்டும் என்பதுதான். அதற்கு எங்கள் வீட்டு நோட்டு ஒன்று மட்டும் போதாது.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர், லாம்பி, பழைய பஜாஜ் வெஸ்பா எதற்கேனும் எழுதிய செலவுக் குறிப்பு, லேத் பட்டறை ரசீது, உரிமையாளர் கையேடு இருப்பின், பழைய தாள்காரரிடம் போடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். யார் கையெழுத்து, யார் டார்ச் பிடித்தார் என்பதையும் எழுதுங்கள். கிரீஸ் கறை இருந்தால் துடைக்க வேண்டா.